பனி இரவில் இறுகவில்லை, சரிவைக் கடக்கலாமா?

மூன்று பேராகப் பனிச்சறுக்கில் ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். இரண்டு முறை போய்ப் பாதியிலேயே திரும்பிவிட்டோம். தடையாக இருப்பது ஒரே ஒரு சரிவு: தென்கிழக்கு நோக்கியது, சாய்வு 36 டிகிரி, உயரம் சுமார் 2,400 மீட்டர், அடியில் குறுகிய ஓடை. சுற்றிப்போக வழி இல்லை.

முதல் முறை காலை 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கால் முழங்கால்வரை புதைந்தது. வெயில் பட்ட பாறைகளின் அடியிலிருந்து பனி சக்கரம்போல் சுருண்டு உருண்டு வந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை, திரும்பிவிட்டோம்.

நான்கு நாள் கழித்து, அதிகாலை 3 மணிக்கே கிளம்பி 5.30க்கு அங்கே நின்றோம். மேலோடு காலுக்கு உறுதியாகத்தான் இருந்தது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் வெறும் 3 சென்டிமீட்டர். அதற்குக் கீழே கையில் பிழிந்தால் நீர் சொட்டும் பனி. இரவு வெப்பநிலை மைனஸ் 2 வரை இறங்கியிருந்தது, ஆனால் மூன்று இரவுகளாக வானம் மூடியே கிடந்தது. மேகம் இருந்தால் பனியின் வெப்பம் அதிகம் வெளியேறாது என்று படித்திருந்தும் தெர்மாமீட்டரை நம்பியது என் பிழை.

பனிச்சரிவு அபாய அறிக்கை (5 தான் உச்ச நிலை) காலையில் நிலை 2, பிற்பகலில் 3 என்கிறது. டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), துழாவு கம்பு, மண்வெட்டி மூவரிடமும் உண்டு. ஆனால் யாராவது பனியில் புதைந்த பிறகுதான் அவை உதவும்.

ஞாயிறு இரவு வானம் தெளியும் என்கிறார்கள். இவ்வளவு ஊறிய பனிக்கு அந்த ஓரிரவு உறைதல் போதுமா?