அவுட்லெட்டில் அம்மோனியா ஏறுகிறது. தொழிற்சாலைப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

தாரமங்கலத்துப் பெண்:

வணக்கம். சேலம் பக்கம் ஒரு பாதாள சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட்டாக இருக்கிறேன். எந்த நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். இதுவரை என் வேலை லேபோடு முடிந்துவிடும். இப்போது ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, "வீட்டுச் சாக்கடையோடு எந்தெந்தத் தொழில் தண்ணீர் கலக்கிறது, அவர்கள் சுத்தம் செய்துதான் விடுகிறார்களா, பட்டியல் போடு" என்று சொல்லிவிட்டார்கள். ஃபைலுக்குள் பழைய வரி ரசீது நகல்கள்தான் இருக்கின்றன. அதில் பாதிக் கடைகள் இப்போது இல்லை.

பிரச்சினை இதுதான். பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் டிஓ, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், எப்போதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கம் நிற்கும். சில நாள் விடியற்காலையில் அது 5ஐத் தாண்டுகிறது. காற்று ஊதும் புளோவரை யாரும் கூட்டவில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து அவுட்லெட்டில் அம்மோனியா ஏறிக்கொண்டே போகிறது, பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது. பிஓடி (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) அவ்வளவாகக் கெடுவதில்லை. வேறு சில நாள் நேர் எதிர்: டிஓ பூஜ்யத்தைத் தொடுகிறது, இன்லெட்டில் பால் கலந்த மாதிரித் தண்ணீர், புளித்த வாடை.

மூத்தவர்கள் எல்லாவற்றுக்கும் "சாயப்பட்டறைதான்" என்று ஒரே பதில் சொல்கிறார்கள். ஆனால் கலர் தண்ணீர் வருவது பெரும்பாலும் சாயங்காலம். அதனால் எனக்குச் சந்தேகம்.

என்னிடம் இருப்பது பிஹெச் பேப்பர், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கையடக்க இசி மீட்டர், வாளி, கயிறு. உலோகம் பார்க்க வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பணம் கொஞ்சம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் யாரைப் பிடிப்பது? எந்த அளவுக் கோட்டை வைத்துப் பேசுவது?

---

பழைய ஆபரேட்டர்:

அம்மா, நீங்கள் சந்தேகப்படுவது சரி. மேட்டூரிலும் அப்புறம் ராணிப்பேட்டையிலும் இந்த டேங்குகளுக்குப் பக்கத்திலேயே காலம் போன ஆள் நான். உங்கள் டிஓ மீட்டரே பாதி விடையைச் சொல்லிவிட்டது.

காற்று அதே அளவு போகும்போது டிஓ ஏறினால் பாக்டீரியா மூச்சு விடவில்லை என்று அர்த்தம். வந்தது விஷம். டிஓ இறங்கினால் அது தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சாப்பாடு வந்திருக்கிறது. இவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் வேலை. ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பால் மாதிரி, புளித்த வாடை என்றால் ஸ்டார்ச். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் உங்கள் குழாயில் நேராக இணைந்திருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஆத்தூர் பக்கம் இருக்கின்றன. பல ஆலைகளில் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு பயோகேஸ் எடுக்கிறார்கள். வந்தால் டேங்கர் லாரியில்தான் வரும். மரவள்ளி சீசனில் மட்டும் இது நடக்கிறதா என்று உங்கள் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சீசன் இல்லாத மாதத்திலும் வந்தால் இனிப்புப் பட்டறை, பால் பண்ணை என்று தேட வேண்டும்.

விஷம்தான் பெரிய தலைவலி. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மெதுவாக வளரும் ஜாதி. பிஓடியைத் தின்பவை இரண்டு மூன்று நாளில் மீண்டுவிடும், இவை செத்தால் திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும். உங்கள் பிஓடி கெடாமல் அம்மோனியா மட்டும் ஏறுவது அதனால்தான். சாயத்துக்குக் கலர் உண்டு, உப்பு உண்டு, ஆனால் டிஓவை இப்படித் தூக்குகிற வழக்கம் அதற்குக் குறைவு. என் கணிப்பு தாமிரம், நிக்கல், சயனைடு, இல்லை வெறும் ஆசிட். சேலத்தில் இவை எங்கிருந்து வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசு செய்யும் தெருக்களும் முலாம் பூசும் கடைகளும்.

ஒன்று கவனியுங்கள். வெள்ளிக்காரர் வெள்ளியைச் சாக்கடையில் விட மாட்டார். பட்டறை கூட்டிய மண்ணைக்கூட விலைக்கு விற்கிறவர்கள் அவர்கள். பழைய வெள்ளியை நைட்ரிக் ஆசிட்டில் கரைப்பார்கள், பழுப்புப் புகை கிளம்பும். அதில் தாமிரத் தகட்டைப் போட்டால் வெள்ளி தூளாகப் படிந்துவிடும். மிஞ்சுவது மயில்கழுத்து நிறத்தில் தாமிரத் தண்ணீர். அதில் அவருக்கு ஒரு பைசா பெயராது, அதனால் அது வாய்க்காலுக்குப் போகிறது. புகைக்கு அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று ராத்திரியில் செய்பவர்கள் உண்டு.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். சாக்கடைக் குழாயில் தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டராவது ஓட வேண்டும் என்றுதான் வடிவமைப்பார்கள், அதாவது மணிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். டிஓ ஏறிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போனால் எந்தத் தூரத்தில் எத்தனை மணிக்கு ஊற்றினார்கள் என்று வட்டம் போடலாம். அந்த வட்டத்தில் இருக்கிற மேன்ஹோல்களில் மட்டும் ராத்திரி வாளியை இறக்குங்கள். பிஹெச் 4க்குக் கீழே வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

வாளிதான் இறங்க வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாம்பிள் எடுப்பதற்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இன்னொன்று, ராத்திரித் தூக்கத்தை மிச்சப்படுத்தும் வழி. குழாய்ச் சுவரில் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசியை நீளக் கம்பியில் சுரண்டி எடுங்கள். ஓடுகிற தண்ணீர் அரை மணியில் போய்விடும். இந்தப் பாசி வாரக்கணக்கில் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஜெர்மனியில் இதை வழக்கமான முறையாகவே செய்கிறார்கள். தெரு பிரியும் இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்து லேபுக்கு அனுப்பினால் எந்தக் கிளையில் தாமிரம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கொஞ்சப் பணத்தைத் தண்ணீரில் போடாமல் இதில் போடுங்கள்.

---

பொன்னம்மாபேட்டை சாயம்:

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன், அப்பா காலத்திலிருந்து இதே தொழில். எங்களைத்தான் எல்லாரும் முதலில் கை காட்டுவார்கள். கலர் கண்ணுக்குத் தெரியும், ஆசிட் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். மழை பெய்து திருமணிமுத்தாற்றில் நுரை வந்தால் அன்றைக்கு டிவிக்காரர் எங்கள் தெருவுக்குத்தான் வருவார்.

ஆனால் நாங்கள் ஒன்றும் சுத்தம் என்று சொல்லவில்லை. மேடம், உங்களுக்கு உபயோகமாகும் என்று உள்விஷயம் சொல்கிறேன். பட்டில் முதலில் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்போம். அந்தத் தண்ணீர் பிஹெச் 10 பக்கம் நிற்கும், வழவழ என்று இருக்கும். கலரே இருக்காது, அதனால் யாரும் அதைக் கேட்பதே இல்லை. சாயத் தொட்டித் தண்ணீர் அதற்குப் பிறகுதான். பருத்தி போடுகிறவர்களிடம் உப்பு அதிகம், உங்கள் இசி மீட்டர் அங்கே எகிறும். அந்த உப்பு உங்கள் டேங்கில் அழியாது, குறையாது, அப்படியே ஆற்றுக்குப் போகும்.

2011இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை உயர்நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு எங்கள் ஊரிலும் பயம் வந்தது. உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் பெரிய பட்டறைக்குச் சரி. இரண்டு தொட்டி வைத்திருக்கிறவன் எங்கே போவான்? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று கேட்டால் இடம் எங்கே என்கிறார்கள். சாயத் தொட்டித் தண்ணீரையும் அலசின தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து வையுங்கள், முதல் தண்ணீரை மட்டும் லாரி வந்து எடுக்கும் என்று யாராவது சொன்னால் நாளைக்கே நான் தனிக் குழாய் போடுகிறேன். பட்டியல் போடும்போது எங்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனால் ஊற்றுகிறவன் ராத்திரிக்கு மாற்றிக்கொள்வான், வேறொன்றும் நடக்காது.

---

கடல் தாண்டிய சேலத்தான்:

இந்த வேலையையே சம்பளத்துக்குச் செய்கிறேன், அமெரிக்காவில் ஒரு நகரத்துச் சாக்கடைத் துறையில். இங்கே இதற்கு 1978இலிருந்து கூட்டரசு விதிகள் உண்டு. பிஹெச் 5க்குக் கீழே விடக் கூடாது, தீப்பிடிக்கிற பொருள் கூடாது, லாரியில் கொண்டுவந்து கொட்டுவதானால் நாங்கள் காட்டும் இடத்தில் மட்டும். 1981இல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஒரு சோயா எண்ணெய் ஆலையிலிருந்து ஹெக்சேன் சாக்கடைக்குள் போய் வெடித்து, தெருத்தெருவாக ரோடு பிளந்துபோனது. அதைச் சொன்னால்தான் இங்கே புது ஆட்களுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று புரிகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டை அப்படியே சேலத்துக்குத் தூக்கிவராதீர்கள். இங்கே ஒரு நாளைக்கு 25,000 கேலன், அதாவது ஏறக்குறைய 95,000 லிட்டருக்கு மேல் தொழில் தண்ணீர் விடுகிறவரைத்தான் முதலில் பெரிய ஆளாக எடுத்துக்கொள்வோம். முலாம் பூசுவது மாதிரி சில தொழில்களுக்கு அளவே பார்ப்பதில்லை. நம்ம ஊரில் கொலுசுத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து போவது நாலு குடம் இருக்கும், அந்த நாலு குடம்தான் உங்கள் டேங்கைச் சாய்க்கிறது. அதனால் லிட்டரைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். செய்கிற வேலையைப் பார்த்துப் போடுங்கள்: ஆசிட்டில் கரைப்பவர், முலாம் பூசுபவர், பசை எடுப்பவர், சாயம் போடுபவர், மாவு கழுவுபவர். தெருவை ஒரு அலகாக எடுங்கள், வீட்டை அல்ல.

இங்கிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். வரம்பை மோசமாக மீறியவர் பெயரை வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர் செய்தித்தாளில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டுச் சிரிக்கிற முதலாளிகூட இதற்குப் பயப்படுகிறார்.

---

தாரமங்கலத்துப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. லாக் புத்தகத்தைப் பார்த்தேன், பால் தண்ணீர் நாட்கள் மரவள்ளி சீசனோடுதான் ஒட்டி வருகின்றன. விஷ நாட்களுக்கு அப்படி மாதக் கணக்கு எதுவும் இல்லை.

சாயக்கார அண்ணா, உங்களோடு உட்கார்ந்து பேசத்தான் போகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் விதிகளின் அட்டவணையில் பொதுச் சாக்கடைக்கு ஒரு பத்தி, ஆறு குளத்துக்கு ஒரு பத்தி. சாக்கடை என்றால் பிஓடி 350, ஆறு என்றால் 30. ஒரு கடைக்காரர் "நான் சாக்கடையில்தான் விடுகிறேன், எனக்கு 350" என்கிறார். அவர் தெருவில் பாதாள சாக்கடை இன்னும் முடியவில்லை, திறந்த வாய்க்கால்தான். அவர் சொல்வது சரியா?

---

பழைய ஆபரேட்டர்:

அந்தப் பத்தியின் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். உயிரியல் முறையில் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் போகிற சாக்கடைக்குத்தான் அந்த அளவு. அப்படிப் போகாவிட்டால் ஆற்றில் விட்ட மாதிரிதான் கணக்கு, 30தான். ஆனால் தாமிரம் இரண்டு பத்தியிலும் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான், அங்கே அவர் வாதம் நிற்காது. ஈயத்துக்கும் சயனைடுக்கும் சாக்கடைப் பத்தியில் பத்து மடங்கு சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையை உங்கள் டேங்கு தாங்குமா என்பது தனி விஷயம்.

வெள்ளிக்காரரிடம் போகும்போது சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். அந்த நீலத் தண்ணீரில் பழைய இரும்புத் துண்டைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், தாமிரம் சிவப்பாக இரும்பின் மேல் படியும், காயலான் கடைக்கு விற்கலாம். காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். மிச்சத் தண்ணீருக்குச் சுண்ணாம்பு. அடியில் தங்கும் கசடு அபாயகரக் கழிவு, அதைத் தெரு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு டிரம்மில் பிடித்து கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை உங்கள் ஆபீஸ்தான் செய்ய வேண்டும், தனி ஆளால் முடியாது.

சாம்பிள் விஷயம் மறந்துவிட்டேன். உலோகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் நைட்ரிக் ஆசிட் விட்டு பிஹெச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சயனைடுக்கு எடுப்பதில் காஸ்டிக் சோடா போட்டு 12க்கு மேலே. முலாம் கடைத் தண்ணீரில் சயனைடு இருக்கிறதா என்று தெரியாமல் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். அந்தக் கடை சாம்பிளுக்கு ஆசிட் சேர்ப்பதை லேபிலேயே, புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்கு உள்ளே செய்யச் சொல்லுங்கள்.