பொருள்: எல்கைப் பந்தய மைக் மாமா ஓய்வு – வசூலும் கேசட் பெட்டியும்

சிங்கப்பூரிலிருந்து, செயலாளர்:

சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற காணும் பொங்கல் எல்கைப் பந்தயத்தோட (மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் எல்லை வரைக்கும் ஓடித் திரும்புற பந்தயம்) அதை மைக்குல வர்ணிச்சுச் சொல்ற நம்ம மைக் மாமா மைக்கைக் கீழே வைக்கிறார். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு, அப்புறம் பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை. ஏழு பிரிவையும் கடைசியா ஒரு தடவை அவரே சொல்றார். சாயங்காலம் பரிசளிப்பு மேடையில ஊர் மரியாதை. பொன்னாடை, ஒரு பவுன் மோதிரம், பணமுடிப்புன்னு ஊர்க் கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்குத் தலைக்கு ஐயாயிரம் ரூபாய். மார்கழி பாதிக்குள்ள வந்து சேரணும். இதுவரை பதினொரு பேர் சொல்லியிருக்கீங்க. கிணத்தடி வீட்டுப் பங்காளிகள் யாரும் சொல்லலை. பழசை மனசுல வைக்காம இதுக்கு மட்டுமாவது சேருங்க.

மெல்போர்னிலிருந்து, கீழத்தெரு:

அண்ணனுக்கு,

பணத்துக்கு முன்னாடி ஒரு அவசரம். சின்னம்மா போன வாரம் ஊருக்குப் போனப்ப மைக் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருக்காங்க. பரண்ல ஒரு தகரப் பெட்டி. அதுல பந்தயக் கேசட் நாற்பது இருக்கு. மைக் செட் ஆம்ப்ளிபையரிலிருந்தே நேரா டேப்புக்கு வயர் போட்டுப் பதிவு பண்ணினது, அதனால சித்தப்பா குரல் சுத்தமா இருக்கும். ஓடு ஒழுகி நாலஞ்சு கேசட்டுல நாடா ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்கு. சித்தி எல்லாத்தையும் மொட்டை மாடியில வெயில்ல காயப் போடப் போறாங்களாம். யாராவது இன்னிக்கே போன் பண்ணித் தடுங்க.

வெயில்ல வச்சா கூடு வளையும். நாடாவை டேப் ரிக்கார்டரோட படிக்கிற தலையோட அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு உள்ளே பசையில ஒட்டியிருக்கு, சூட்டுல அது கழண்டு விழும். அது விழுந்தா குரல் பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி மந்தமாயிடும். ஸ்பிரிட் தொட்டு நாடாவைத் துடைக்கவும் வேண்டாம், ஸ்பிரிட் டேப் ரிக்கார்டர் தலைக்குத்தான். பூஞ்சை பிடிச்சதை வாயாலயும் ஊதக் கூடாது. தூள் மூக்குல ஏறும், மத்த கேசட்டுலயும் ஒட்டும்.

இப்போதைக்கு மூணு வேலை போதும். பூஞ்சை உள்ளதைத் தனியாப் பிரிச்சு ஜிப் பையில போட்டு, கூட ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலம் ரெண்டு வைக்கணும். எல்லாக் கேசட்டிலயும் மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கையும் ஒடிச்சிடணும், அப்பத்தான் தவறிப்போய் ரிக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. மேலட்டையில சித்தப்பா கையால எழுதினதை முன்னும் பின்னும் போட்டோ எடுக்கணும். போட்டுக் கேட்டுப் பார்க்கிற ஆசை யாருக்கும் வேண்டாம். ஒட்டிப் போன நாடாவை ஓடவிட்டா அறுந்துடும்.

இன்னொண்ணு. வலப்பக்கம் நின்னு பேசினா சித்தப்பாவுக்குக் கேட்கலையாம். சின்னம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க.

துபாயிலிருந்து, வடக்குத்தெரு:

செயலாளர் அவர்களுக்கு,

ஐயாயிரம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோயில் மதில் வசூலின் மீதித் தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை. அதே கணக்கில் இந்தப் பணத்தையும் போடக் கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் ஆகும். ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருப்பதால் இது மாறாது. எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத சங்கக் கணக்கில் அந்தப் பணம் ஒரு ரூபாய் விழுந்தாலும் சங்கத்துக்குத்தான் சிக்கல். பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே இரண்டு பட்டியல் போடுங்கள். குடியுரிமை மாறியவர்கள் பெயரைத் தனியாக வையுங்கள், அவர்களிடம் இப்போது வாங்க வேண்டாம்.

அடுத்தது பணமுடிப்பு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் பெறும் அன்பளிப்பு மொத்தம் ₹50,000ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கணக்கிடப்படும். மாமா வரி கட்ட வேண்டி வராமலும் போகலாம். ஆனால் கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டியவர் அவர்தான். மேடையில் கொடுக்கும் தொகை, தேதி, கொடுத்தவர் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அவரிடம் ஒரு படி கொடுங்கள்.

கேசட் வேலைக்கு எவ்வளவு ஆகும்? யாரும் எழுதவில்லை.

குவைத்திலிருந்து, மேலத்தெரு:

கணக்கெல்லாம் பாருங்க மச்சான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊரு தன்னோட மைக்காரருக்கு என்ன செஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஒரு ரூபாய் குறைஞ்சாலும் நம்மூரு தலை குனியும். அந்த ஊரு மைக்காரரும் நம்ம மாமாகிட்ட நின்னு கத்துக்கிட்டவர்தான்.

மாமா சொல்றது எதனால வேற மாதிரி இருக்குன்னு நிறையப் பேர் யோசிச்சதில்லை. மத்தவங்க உரிமையாளர் பேரைத்தான் முதல்ல சொல்லுவாங்க. மாமா இடத்தை முதல்ல சொல்லுவார். கல்பாலம், ஒத்தைப் பனை, செங்கச் சூளை. அடுத்து எத்தனாவது வண்டி, முன் வண்டிக்கும் அதுக்கும் எத்தனை வண்டி நீளம் இடைவெளி. அப்புறம்தான் ஊரு, உரிமையாளர், சாரதி. பந்தல்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு எட்டு மைல் ரோடும் கண்ணுக்குள்ள வரும். முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஒரு சுத்து, அடுத்த சுத்து கடைசி வண்டியிலிருந்து மேலே. அதனாலதான் கடைசியில ஓடுறவன் பேரும் எல்கைக்குள்ள ரெண்டு தடவையாவது ஒலிக்கும். வருசம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் கொள்ளும் போட்டு வளர்த்தவன் தன் பேரைக் கேட்காம வீட்டுக்குப் போகக் கூடாதுங்கிறது அவரோட கணக்கு.

பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல கட்டம் போடுவார். சீட்டுக் குலுக்கல்ல வந்த வரிசை எண், சாரதியோட சட்டை நிறம், தலையில கட்டின துண்டு நிறம், குதிரைன்னா வெள்ளையா செவலையா, இல்லை நாலு காலும் முகமும் வெள்ளையா இருக்கிற பஞ்சகல்யாணியா. புழுதியில நம்பர் தெரியாது, துண்டு தெரியும். ரெண்டு பேர் ஒரே நிறத் துண்டு கட்டியிருந்தா ஒருத்தரை மாத்தச் சொல்லிட்டுத்தான் கொடியசைக்க விடுவார்.

மைக்கை உதட்டிலிருந்து மூணு விரல் தள்ளிப் பிடிப்பார், மேலே மெல்லிசாக் கைக்குட்டை. காத்து இரைச்சலும் 'ப' சொல்றப்ப வெடிக்கிறதும் அதுல அடங்கும். வண்டிகளுக்கு முன்னாடி போற மைக் ஜீப்புல குழாய் ஒலிபெருக்கி ரெண்டும் முன்பக்கம் பார்த்துத்தான் இருக்கணும், பின்னால வர்ற குதிரை முகத்துக்கு நேரா இருக்கவே கூடாது. மைக் குழாய்க்கு முன்னாடி வந்தா கீச்சுன்னு கத்தும். அந்த ஒரு சத்தம் போதும், பெரிய குதிரை ரோட்டை விட்டு வயலுக்குள்ள இறங்கிடும்.

இவருக்கு ஒரு பவுன் பத்தாது. ரெண்டு போடுங்க.

கோலாலம்பூரிலிருந்து, கிணத்தடி வீடு:

பேர் கொடுக்கலைன்னு எல்லார் முன்னாடியும் எழுதிட்டீங்க, அதனால நானும் எழுதறேன். எங்க அப்பாவோட நடுக்குதிரை முதல்ல வந்துச்சுன்னு மைக்குல சொல்லி, கமிட்டி கூடிப் பேசி, அரை மணி நேரம் கழிச்சு ரெண்டாவதுன்னு மாத்தினது அதே மைக். கொடிப் பரிசு வேற ஊருக்குப் போச்சு. அப்பா அதுக்கப்புறம் வண்டி பூட்டலை. மாமா மேல எனக்குக் கோபம் இல்லை, அன்னிக்கு மேடையில நின்னவங்க யாருன்னு செயலாளருக்கே தெரியும். ஒரு வார்த்தை யாராவது வந்து சொல்லியிருந்தா அப்பா ஆறியிருப்பார்.

லண்டனிலிருந்து, கீழத்தெரு:

கிணத்தடி வீட்டுத் தம்பிக்கு,

அது மாமா ஏமாந்ததும் இல்லை, ஏமாத்தினதும் இல்லை. மேடை போட்ட இடம் தப்பு. கோட்டுக்கு நேரா இல்லாம, கோட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளிப் பந்தல் போட்டிருந்தாங்க. அங்கேயிருந்து திரும்பிப் பார்த்தா, ரெண்டு வண்டி சமமா வந்தாலும் ரோட்டோட எட்டத்து ஓரத்துல வர்ற வண்டிதான் முந்தின மாதிரி தெரியும். பந்தல் கோட்டுக்கு முன்னாடி இருந்தா நேர்மாறு, கிட்டத்து வண்டி முந்தும். உங்க வண்டி எட்டத்து ஓரத்துல வந்துச்சு. மாமா கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னார், கோட்டுல உட்கார்ந்திருந்தவங்க அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க. இதை அப்பவே விளக்கியிருக்கணும்.

இந்தத் தடவை ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு, ஒண்ணுக்கு நேரா ஒண்ணு நூல் பிடிச்சு, சுண்ணாம்புக் கோடு போடணும். மைக் மேடை அந்தக் கம்பத்தை ஒட்டியே இருக்கட்டும், ஆறடி உயரத்துல. கடைசி முடிவைக் கோட்டு நடுவர் சீட்டுல எழுதிக் கொடுத்த பிறகுதான் மைக்குல சொல்லணும். அதுவரைக்கும் நெருக்கமான முடிவு, காத்திருங்கன்னு சொன்னா போதும்.

குழாய் கட்டுறதையும் சொல்லிடறேன். போன தடவை ஒரு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் இடைவெளியில எதிரும் புதிருமாக் கட்டினாங்க. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கோட்டுக்கிட்ட நிக்கிறவனுக்குக் கடைசிக் குழாய்ச் சத்தம் மூணு நொடி தாமதமா வந்து விழுந்தா ஒரு சொல்லும் புரியாது. எல்லாக் குழாயும் ஒரே திசை பார்க்கணும், ஒவ்வொண்ணும் அறுபது எழுபது மீட்டருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சத்தம் குறைக்கணும். நூறு வோல்ட் லைன்ல ஓட்டினா 250 வாட் ஆம்ப்ளிபையருக்கு ஒவ்வொண்ணும் 30 வாட் எடுக்கிற மாதிரி வச்சு ஆறு குழாய் போதும். எட்டுப் போட்டா 240 ஆகிடும், மதிய வெயில்ல சூடேறிக் குரல் உடையும். மிச்சத்துக்கு ரெண்டாவது ஆம்ப்ளிபையர். அவரோட கடைசிப் பந்தயம் தெளிவாக் கேட்கணும், மோதிரத்தை விட எனக்கு அதுதான் பெருசு.

இங்கே பீட்டர் ஓ'சல்லிவன்னு ஒருத்தர் இருந்தார். ஐம்பது வருசமா பிபிசிக்குக் குதிரைப் பந்தயம் சொன்னவர். கிராண்ட் நேஷனல்ங்கிற பெரிய பந்தயத்துல அப்போ நாற்பது குதிரை வரைக்கும் ஓடும், ஒவ்வொரு ஜாக்கியோட சட்டை நிறத்தையும் அட்டையில கையால வரைஞ்சு மனப்பாடம் பண்ணுவார். நம்ம மாமாவோட துண்டு நிறக் கட்டமும் அதே வித்தைதான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே கண்டுபிடிச்சது. 1997 நவம்பர்ல நியூபரி பந்தய மைதானத்துல ஓ'சல்லிவன் கடைசியாச் சொன்னார். அந்த வருசமே அவர் பேர்ல அறக்கட்டளை தொடங்கி விலங்குகளுக்காகப் பணம் திரட்டினாங்க. நாம ரெண்டாவது பவுனுக்குப் பதிலா எல்கைத் திருப்பத்துல குதிரைக்கும் மாட்டுக்கும் ஒரு சிமெண்ட் தண்ணித் தொட்டி கட்டி மாமா பேரைப் பொறிக்கலாம். ஓடி வந்ததைக் கொஞ்ச தூரம் நடத்தி மூச்சு அடங்கவிடணும், தண்ணியும் காட்டணும்னு மாமா மைக்குல ஒவ்வொரு வருசமும் சொல்லுவார். அதையும் தொட்டியில எழுதலாம்.

மெல்போர்னிலிருந்து, கீழத்தெரு:

துபாய் மச்சான் கேட்ட கணக்கு. நாற்பது கேசட்டும் தொண்ணூறு நிமிடம்னா மொத்தம் அறுபது மணி நேரம். கேசட்டை ஓடவிட்டுத்தான் கம்ப்யூட்டர்ல பதியணும், வேகமாப் பண்ண முடியாது. ஒரே ஆள் தினம் மூணு மணி நேரம் உட்கார்ந்தா இருபது நாள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்துல மோனோவா (ஒத்தைத் தடம்) பதிஞ்சா மணிக்குச் சுமார் 520 எம்பி, மொத்தமே 31 ஜிபிதான். ரெண்டு ஹார்டு டிஸ்க், இணையத்துல ஒரு படி. பென் டிரைவை மட்டும் நம்பக் கூடாது.

பதியறவர் ஒவ்வொரு கேசட்டையும் முதல்ல ஒரு தடவை முன்னும் பின்னும் முழுசாச் சுத்தணும். டேப் தலைக்குப் பக்கத்துல உள்ள சின்னத் திருகாணியை 'ச', 'ஷ' தெளிவாக் கேட்கிற வரைக்கும் மெதுவாத் திருப்பணும், கேசட்டுக்குக் கேசட் இது மாறும். சத்தத்தோட உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட விடக் கூடாது, கடைசி நூறு மீட்டர்ல சித்தப்பா குரல் திடீர்னு ஏறும். கூடு உடைஞ்சிருந்தா திருகாணி போட்ட காலிக் கூட்டுக்கு நாடாவை மாத்தலாம். பூஞ்சை பிடிச்ச அஞ்சையும் கடைசியில, தனி டெக்குல, முகக்கவசம் போட்டுக்கிட்டு.

காது விஷயம். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல்லன்னா கால் மணி நேரம்தான். சித்தப்பா குழாய்க்கு வலப்பக்கம் கொடுத்து நாள் முழுக்க நின்னவர். முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்க்கட்டும், பிறகு ரெண்டு காதுக்கும் ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்குதுன்னு பார்க்கிற சோதனை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. கூட யாராவது போகணும், டாக்டர் கேட்கிறது அவருக்குக் கேட்காது. காது மிஷின் வேணும்னா பணமுடிப்புக்கு முன்னாடி அதை வாங்குவோம்.

கோலாலம்பூரிலிருந்து, கிணத்தடி வீடு:

பந்தல் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. அப்பாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். அந்த வருசத்துக் கேசட் இருந்தா அதை முதல்ல பதியச் சொன்னார். எங்க வீட்ல மூணு பேர் எழுதிக்கங்க. குடியுரிமை மாறினவன் நான் ஒருத்தன்தான், என் பேரைத் தனிப் பட்டியல்ல வைங்க. தண்ணித் தொட்டிக்கு இடம் எங்க கொல்லைப் பக்கம் ரோட்டோரம் இருக்கு.

சிங்கப்பூரிலிருந்து, செயலாளர்:

சித்தியிடம் பேசிவிட்டேன், பெட்டி மாடிக்கு ஏறவில்லை. கோயில் மதில் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ரசீதோடு இங்கேயே வரும். கிணத்தடி வீட்டு அண்ணனைப் பார்க்க நான் ஊருக்கு வந்ததும் நேரில் போகிறேன். நாளைக்குத் தம்பி பெட்டியை எடுத்து வந்து மைக் செட் அறையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

மெல்போர்னிலிருந்து, கீழத்தெரு:

அண்ணே, மைக் செட் அறை வேண்டவே வேண்டாம். குழாய் யூனிட் ஒவ்வொண்ணுலயும் பெரிய காந்தம் இருக்கு, பக்கத்துல வச்சா நாடாவுல இருக்கிறது அழியும். உங்க வீட்டுச் சாமி அறை அலமாரியில மேல்தட்டுல நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. பைக்குல கொண்டு வர்றப்பவும் ஸ்பீக்கர் பெட்டியோட சேர்த்துக் கட்டாம மடியில வச்சுக்கச் சொல்லுங்க.