விமான நிலையச் சோதனை உண்மையில் எதைத் தடுக்கிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

உறையூர் ராஜி:

அடுத்த மாதம் அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறார்கள், தம்பி வீட்டுக்கு. துணைக்கு ஆள் இல்லை. அம்மாவுக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு. அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, பயம்தான். 2024 அக்டோபரில் ஷார்ஜா போகக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறோடு நம் பக்கத்து வானத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியதே, அன்று அவர் மொட்டைமாடியை விட்டு இறங்கவே இல்லை. அப்புறம் 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்து. அதிலிருந்து டிக்கெட் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

என் கேள்வி வேறு. இரண்டு வருடம் முன்பு காசி யாத்திரை போனபோது அம்மாவின் கைப்பையில் பாக்குவெட்டி இருந்தது. அவர் மாமியார் கொடுத்தது. போகும்போது அதே பை சோதனையைத் தாண்டிப் போனது, யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது வேறொரு விமான நிலையத்தில் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அம்மா வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. இங்கே ஆபத்தில்லாத பொருள் அங்கே எப்படி ஆபத்தாகும்? இந்தச் சோதனையெல்லாம் நிஜமாகவே நம்மைக் காப்பாற்றுகிறதா? விமானத் துறையில் இருந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

மீனம்பாக்கம் கேப்டன்:

ராஜி, வணக்கம். நான் ஓய்வு பெற்ற விமானி. ஆவ்ரோவில் தொடங்கி, போயிங் 737, பிறகு ஏர்பஸ் 320 ஓட்டி, 65 வயதில் விதிப்படி இறங்கியவன்.

பாக்குவெட்டி போனது பெரிய இழப்புதான். ஆனால் அதை எடுத்தவர் மேல் கோபம் வேண்டாம். வெட்டும் பொருள் கைப்பையில் கூடாது என்பது விதி. அவர் தன் வேலையைச் செய்தார். தவறவிட்டது போகும்போது பார்த்தவர்தான். செக்-இன் பெட்டியில் போட்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, அதை வைத்து ஒருவன் விமானத்தைக் கடத்த முடியுமா? இன்று முடியாது. அதற்குக் காரணம் சோதனை வரிசை இல்லை, காக்பிட் கதவு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது மெல்லிய கதவு. பறக்கும்போதே குழந்தைகளை அழைத்து வந்து காட்டுவோம். கடத்தல்காரன் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: அவன் சொல்வதைக் கேள், விமானத்தை எங்காவது இறக்கு, பேச்சுவார்த்தை நடக்கட்டும். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஐ.சி. 814 கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று போய் காந்தஹாரில் நின்றது. ஒரு பயணியைக் கொன்றார்கள். துபாயில் விடப்பட்ட சிலர் போக மற்றவர்கள் வீடு திரும்ப அந்த வருடக் கடைசி நாள் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் விமான நிலையக் காவல் மாநிலப் போலீஸிடமிருந்து மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது. 2000இல் ஜெய்ப்பூரில் ஆரம்பித்தார்கள்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அந்தப் பழைய பாடமும் செத்தது. கதவு குண்டு துளைக்காததாகி, உள்ளிருந்து பூட்டிக்கொள்வதானது. வெளியே என்ன நடந்தாலும் திறப்பதில்லை. இருக்கையில் இருப்பவர்களும் இனி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அவனை விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொன்று, பெட்டி. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்தது கொழும்பு விமானத்துக்கென்று போடப்பட்ட பெட்டி. போட்டவன் ஏறவில்லை. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது இளம் துணை விமானி. மறுநாள் பணிக்கு வந்தபோது கூரை திறந்து கிடந்த அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனோம், யாரும் வாய் திறக்கவில்லை. பத்தே மாதத்தில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம். 1985 ஜூன் 23. வான்கூவரில் பெட்டியைப் போட்டவன் அங்கேயும் ஏறவில்லை. 329 பேர் அட்லாண்டிக்கில் போனார்கள். அதே நாளில் ஜப்பானின் நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து, சாமான் ஏற்றும் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் விமானத்துக்குப் பக்கத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்து, பயணியே வந்து தன்னுடையதைத் தொட்டுக் காட்டினால்தான் ஏற்றுவோம். வெயிலில் நிற்கவைக்கிறார்கள் என்று திட்டுவார்கள். இப்போது அதைக் கணினி செய்கிறது. செக்-இன் செய்த ஒருவர் கேட்டுக்கு வரவில்லை என்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் நகராது. அப்பா அம்மாவின் விமானம் அப்படி அரை மணி தாமதமானால் அந்த அரை மணி அவர்களுக்காகத்தான்.

என் கணிப்பில், நான் பார்த்த மாற்றங்களில் அதிக உயிர்களைக் காத்தவை இந்த இரண்டும்தான்: பூட்டிய கதவு, ஆள் ஏறாத பெட்டியை ஏற்றாதது.

தண்ணீர் பாட்டில் விதியையும் நான் ஆதரிக்கிறேன். 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்டவர்கள் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடக்கும் விமானங்களை வெடிக்கவைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அம்மாவின் தைலம் 100 மில்லிக்குள் இருக்கட்டும்.

எனக்குச் சண்டை ஊசி, நகவெட்டி, சின்னக் கத்திரிக்கோல் பட்டியலோடுதான். என் கைப்பையிலிருந்தே மீசை கத்தரிக்கும் கத்திரிக்கோலை எடுத்திருக்கிறார்கள். காக்பிட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில் விபத்துக் கோடரி இருக்கிறது. அதைவிட, விமானமே என் கையில் இருக்கிறது. 2015இல் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி கேப்டன் வெளியே போனதும் கதவைப் பூட்டி மலையில் மோதினார். 150 பேர். அந்த மனிதரிடம் கத்திரிக்கோல் இருந்ததா இல்லையா என்பதால் என்ன வித்தியாசம்? நான் விமானிக்குச் சலுகை கேட்கவில்லை, எங்களையும் சோதிக்கட்டும். ஆனால் திரை முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கவனம் ஒரு அளவுதான் உண்டு. அது வெடிபொருளைத் தேடப் போக வேண்டும். நகவெட்டியை எண்ண அல்ல.

பயணி பார்க்காத வாசல்கள்தான் எனக்குப் பெரிய கவலை. 2015 அக்டோபரில் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் வானில் வெடித்து 224 பேர் இறந்தார்கள். உள்ளே வேலை செய்த ஒருவர் கைவேலை என்றே பலரும் சந்தேகித்தார்கள். உணவு வண்டி வரும் வாசல், துப்புரவு ஆட்கள் வரும் வாசல், சரக்குக் கிடங்கு. அங்கே இருக்கும் கட்டுப்பாடுதான் என் கண்ணில் ஒரு விமான நிலையத்தின் தரம்.

அப்புறம் விமானியின் தூக்கம். அதிகாலை மூன்று மணிக்கு மூடுபனியில் இறங்கியவர்களைக் கேளுங்கள். 2025இல் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியதை நான் எந்த ஸ்கேனரைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

ஆரணி ஜவான்:

கேப்டன் சாருக்கு வணக்கம். நான் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் விமான நிலையப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன். சார் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பூட்டிய கதவு காக்பிட்டைக் காக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஏர் ஹோஸ்டஸ் பெண்ணை யார் காப்பது? முப்பதாயிரம் அடி உயரத்தில் ஒருவன் போதையில் கத்தியை எடுத்தால் போலீஸ் வர வழியில்லை. பாக்குவெட்டியை எடுப்பது அதற்காகவும்தான்.

கவனம் சிதறும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே ஆளைத் திரை முன் நீண்ட நேரம் உட்காரவைப்பதில்லை, ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நடுநடுவே இயந்திரமே பொய்யாக ஒரு துப்பாக்கிப் படத்தைப் பையின் படத்துக்குள் நுழைக்கும். பிடித்தோமா விட்டோமா என்று பதிவாகும்.

ராஜி அக்கா, அம்மாவின் மூட்டைப் பற்றி வரிசையில் நின்றதுமே சொல்லிவிடச் சொல்லுங்கள். கருவி பெரும்பாலும் சத்தம் போடும், பயப்பட வேண்டாம். திரைச்சீலை போட்ட அறையில் பெண் காவலர்தான் தடவிப் பார்ப்பார். டாக்டர் கடிதம் இருந்தால் நல்லது, ஆனால் கடிதம் இருப்பதால் சோதனை இல்லாமல் போகாது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட்டிலேயே பதிவு செய்யுங்கள்.

கொப்பரை கொண்டுபோக வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் சரக்கு என்று உலகம் முழுக்க அதற்கு வகையே உண்டு. 2024இல் சபரிமலை சீசனுக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதித்தார்கள். அது அந்தப் பக்தர்களுக்கான தற்காலிக ஏற்பாடு.

செங்காங் முத்து:

சிங்கப்பூர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். வருகை அட்டையை வந்து இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கும் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, அம்மா வெற்றிலை போடுபவர் போலிருக்கிறது. மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. பெட்டியில் துண்டு இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

உறையூர் ராஜி:

எல்லோருக்கும் நன்றி. புகையிலை விஷயம் தெரியவே தெரியாது! கேப்டன் ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: அன்று கோளாறு தெரிந்ததும் உடனே இறக்காமல் ஏன் அவ்வளவு நேரம் சுற்றவிட்டார்கள்?

மீனம்பாக்கம் கேப்டன்:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஷார்ஜா வரைக்குமான எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய விமானம் அது. கிளம்பும்போது தாங்கும் எடையோடு இறங்கக் கூடாது. சக்கரமும் பிரேக்கும் தாங்க வேண்டும், ஓடுபாதை நீளமும் போதுமானதாக இருக்க வேண்டும். சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடலாம். அன்று பறந்த 737இல் அந்த வசதியே இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஹைட்ராலிக் குறையும்போது எடை இன்னும் முக்கியம். டிவியில் நேரலை ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டரை மணி நேரமும் உள்ளே இருந்தவர்கள் கையேட்டைத் திறந்து வைத்து, எரிபொருளைக் கணக்குப் பார்த்து, இறங்கும் முறையைப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். அப்பா மாடியில் நின்று பார்த்தது ஆபத்தை மட்டும் இல்லை, அவசரப்படாமல் வேலை செய்த ஒரு குழுவையும்தான்.

அகமதாபாத் பற்றி நான் எழுத மாட்டேன். 260 பேர் இறந்த விபத்து. அதில் ஊகம் சொல்வது ஒரு விமானிக்கு அழகில்லை.

ஜவான் சொன்ன ஏர் ஹோஸ்டஸ் விஷயம் நியாயம். கத்தியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் வெடிபொருள், பிறகு கத்தி, கடைசியில் நகவெட்டி என்ற வரிசை வேண்டும் என்கிறேன்.

இனி அவர்கள் கையில் இருப்பது. பெல்ட் விளக்கு அணைந்தாலும் இருக்கையில் இருக்கும்வரை பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருக்கட்டும். 2024 மே மாதம் லண்டன்–சிங்கப்பூர் விமானம் மியான்மர் மேல் காற்றுக் குலுக்கலில் 5 நொடிக்குள் 178 அடி இறங்கியது. ஒருவர் இறந்தார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். உங்கள் பெற்றோரும் வங்காள விரிகுடாவைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே மேகக்கூட்டம் உயரமாக வளரும்.

அவசரமாக இறங்கச் சொன்னால் பையைத் தொடக் கூடாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பற்றிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள், கைப்பையை விடவே மாட்டார்கள்.

தம்பிக்கு யாராவது பவர் பேங்க் கொடுத்து அனுப்பினால் அது கைப்பையில்தான் போக வேண்டும். கீழே சரக்கறையில் லித்தியம் தீப்பிடித்தால் அங்கிருக்கும் அணைப்பு வாயு அதை முழுதாக அடக்காது. மேலே என்றால் பணிப்பெண் பார்ப்பார், தண்ணீர் ஊற்றுவார். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 தான். ஆனால் தலைக்கு மேல் அலமாரியில் வைக்காமல் கண்ணில் படும்படி வைக்கட்டும். 2025 ஜனவரியில் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு ஏர்பஸ் தரையிலேயே எரிந்தது. தீ அந்த அலமாரியிலிருந்துதான் கிளம்பியது.

இருக்கை தேர்வு செய்யும்போது இறக்கைக்கு அருகே எடுங்கள். குலுக்கல் அங்கே குறைவாகத் தெரியும், அப்பாவுக்கு நல்லது. அம்மாவுக்கு நடைபாதை ஓரம், முழங்காலை நீட்ட.