தலைமுடி மாற்றுச் சத்திரசிகிச்சை: எந்தத் தையல் நல்லது?

உறவுகளுக்கு வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். என் தம்பி அடுத்த மாதம் கொழும்பில் தலைமுடி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யவிருக்கிறான். பின்னந்தலையிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் முறை. முடி முளைக்குமா என்பதைவிட, வெட்டிய இடத்தை எப்படி மூடுவார்கள் என்பதுதான் என் கவலை.

சித்தப்பாவின் மகனும் இதே முறையில்தான் செய்தார். சலூனில் முடியைக் கட்டையாக வெட்டியபோது காதிலிருந்து காதுவரை வெள்ளைக் கோடு தெரிந்தது. சீப்பை வைத்த சலூன்காரர் கையை எடுத்துவிட்டார். அன்று அண்ணாவின் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

காயத்தின் ஒரு விளிம்பில் மேல்தோலை மட்டும் மெல்லிதாகச் சீவித் தைத்தால், தழும்பின் ஊடாகவே முடி வளர்ந்து கோட்டை மறைக்கும் என்று வைத்தியர் சொன்னார். இதை டிரைக்கோபைட்டிக் முறை என்கிறார்கள். உள்ளே கரையும் நூலால் ஓர் அடுக்கு தைத்தால் மேல்தோலில் இழுவிசை குறையுமாம். நூலுக்குப் பதிலாக உலோகக் கவ்விகள் போடுவோரும் உண்டு. அவை இருக்கும்வரை தலையணையில் சாய்வதே வேதனை என்கிறார்கள்.

இந்த முறைகளில் செய்தவர்கள் இருந்தால், ஒரு வருடம் கழித்துத் தழும்பு எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து எழுதுங்கள். கவ்வியா, நூலா? படம் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். தம்பிக்கு மட்டும் காட்டுவேன்.