உறக்க மூச்சுத்தடை இரத்தக் குழாய்களை எவ்வாறு பாதிக்கிறது?

கேள்வி:
என் தந்தைக்கு உறக்கத்தில் மணிக்கு 32 முறை மூச்சு தடைபடுவதாகப் பரிசோதனை அறிக்கை கூறுகிறது. மூன்று வகை மாத்திரைகளை உட்கொண்டும் அவருடைய இரத்த அழுத்தம் குறையவில்லை. தொண்டையில் ஏற்படும் அடைப்புக்கும் இரத்தக் குழாய்களுக்கும் என்ன தொடர்பு?

பதில்:
மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் என்றால் அது கடுமையான நிலையாகும். மூச்சு நிற்கும்போதெல்லாம் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூச்சு திரும்பியதும் சட்டென்று உயர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் இரவு முழுவதும் தொடர்வதால் அழற்சி உண்டாகி, குழாய்களின் உட்படலமான எண்டோதீலியம் உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்துவிடுகிறது. குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்வது அந்த வாயுதான் என்பதால், அது குறையும்போது அவை இறுகி, காலப்போக்கில் விறைத்துப்போகின்றன. கூடவே, இதயத் துடிப்பைக் கூட்டிக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்பு மண்டலமும் தூண்டப்படுகிறது. இரவில் தொடங்கும் அந்தத் தூண்டல் பகலிலும் அடங்குவதில்லை என்பதே, மாத்திரைகளுக்கு அழுத்தம் கட்டுப்படாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு பதில்:
இயல்பாக உறக்கத்தில் இரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தாழும். இந்நோயாளிகள் பலருக்கு அவ்வாறு தாழ்வதில்லை. 24 மணி நேர அளவீடு குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
உறங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை அணிந்தால் குழாய்கள் சீராகுமா?

பதில்:
எண்டோதீலியத்தின் செயல்பாடு மேம்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அழுத்தமோ சராசரியாக 2 அல்லது 3 மி.மீ. அளவே குறைகிறது. 2016இல் வெளியான சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இக்கருவியால் குறையவில்லை. ஆயினும் அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதை அணிந்தனர் என்பதால், அம்முடிவைக் காட்டிக் கருவியைக் கைவிடுவது சரியன்று என்பது என் கருத்து. மாத்திரைகளையும் தாமாக நிறுத்த வேண்டாம்.