கண்டிஷனர் ரோலர் இடைவெளி எவ்வளவு வைக்கணும்?

கேள்வி: அறுத்த தீவனம் சீக்கிரம் காய, ரெண்டு ரோலருக்கு நடுவுல தண்டை நசுக்குற கண்டிஷனர் என்னோடது. குதிரைமசால் தண்டு நசுங்காம முழுசா வருது, ஒரு பக்கம் இலை மட்டும் கருத்துப்போகுது. ரப்பர் ரோலர். ஸ்பிரிங்கை இறுக்கியும் பலனில்லை.

பதில் 1: ஸ்பிரிங் அழுத்தத்தைத்தான் கூட்டும், இடைவெளியைத் தீர்மானிக்கிறது ஸ்டாப் போல்ட் (ரோலர் ரெண்டும் அதுக்கு மேல நெருங்காம தடுக்குற போல்ட்). இன்ஜினை அணைச்சு சாவியை எடுத்துடுங்க. அலுமினியத் தாளை விரல் தடிமனுக்குச் சுருட்டி, ரோலரைக் கையால சுத்தி உள்ளே விட்டு எடுங்க. நசுங்கின இடம் 1.5 முதல் 2.5 மி.மீ. இருக்கணும். ரெண்டு ஓரம், நடு, மூணு இடத்துலயும் அளங்க. உங்களுக்கு ஒரு ஓரம் விலகியிருக்கும்னு தோணுது.

பதில் 2: ரோலர் டைமிங்கையும், அதாவது ரெண்டு ரோலரும் பல் பொருந்திச் சுத்துதான்னும் பாருங்க. ஒரு ரோலரோட பல், எதிர் ரோலர் பள்ளத்துக்கு நட்டநடுவுல உட்காரணும். பக்கத்துல உரசினா இலை உதிரும், ரப்பரும் பிஞ்சுபோகும்.

பதில் 3: போல்ட்டைத் திருகி இடைவெளியைச் சரிபண்ணினதும் கொஞ்சதூரம் அறுத்து, 10 தண்டை எடுத்துப் பாருங்க. 9 தண்டாவது விரிசல் விட்டிருக்கணும். இலை 5 சதவீதத்துக்கு மேல கருத்திருந்தா அழுத்தம் அதிகம், ஸ்பிரிங்கைத் தளர்த்துங்க.