வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் கேட்டால் "தனிநபர் தகவல்" என்கிறார்கள். மேல்முறையீட்டில் என்ன எழுதலாம்?

வாய்க்கால்மேட்டான்:
வணக்கம். எங்கள் ஊராட்சியில் குடிசையில் இருப்பவர்களுக்கான கனவு இல்லம் திட்டத்தில் வீடு வாங்கியவர்களின் பெயர், ஒதுக்கிய தொகை, விடுவித்த தவணை மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டிருந்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி முறையாகத்தான் அனுப்பினேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில்: "தனிநபர் தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது." அந்தப் பெயர்களை மைக் வைத்துக் கிராம சபையில் வாசித்தவர்களே அவர்கள்தான்! சட்டம் மாறிவிட்டது, இனி எதுவும் கிடைக்காது என்கிறார் நண்பர். நிஜமா?

பழைய குமாஸ்தா:
தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. முன்பு அந்தப் பிரிவில், பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை யாருக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வரி உண்டு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) இதையெல்லாம் எடுத்துவிட்டு, "தனிநபர் தகவல்" என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அலுவலகங்களின் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஆர்.டி.ஐ.யின் 8(2)-ஐத் தொடவில்லை. பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிறது அது. அதைவிட உங்களுக்குக் கைகொடுப்பது 4(1)(பி). மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது. இன்னொன்று, சட்டப்படி வெளியிட்டாக வேண்டிய தகவல் வெளியான பிறகு, அதற்குத் தரவுச் சட்டமே பொருந்தாது. அதன் 3-வது பிரிவைப் பாருங்கள். இந்த மூன்றையும் எழுதுங்கள். மறுத்தது நியாயம் என்று காட்டும் பொறுப்பு அலுவலருடையது என்று ஆர்.டி.ஐ.யின் 19(5)-ஐயும் சேருங்கள். கிராம சபையில் வாசித்த தேதியை மறக்க வேண்டாம்.

பதில் கிடைத்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது.

ரேவதி_திருச்சி:
ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தரங்கமும் சும்மா வந்த உரிமை இல்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது. எங்கள் பக்கத்து ஊரில் இப்படி வாங்கிய பட்டியலைக் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண்ணோடு அப்படியே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். அப்புறம் "மானியம் பாக்கி இருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று ஒரு பாட்டிக்கு ஓயாமல் அழைப்பு. ஆதார், கணக்கு எண்ணை மறைத்துத் தந்தால் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஆர்.டி.ஐ.யின் 10-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. மறுக்க ஒரு சாக்கும் குறையும்.

வாய்க்கால்மேட்டான்:
ரேவதி அக்கா, எனக்குக் கணக்கு எண்ணே வேண்டாம். ஓட்டு வீட்டின் மேல் மாடி எழுப்பியவர் பெயர் குடிசைப் பட்டியலில் எப்படி வந்தது என்று தெரிந்தால் போதும். குமாஸ்தா ஐயா, முதல் மேல்முறையீட்டிலும் இதே ஒருவரி வந்தால்?

பழைய குமாஸ்தா:
90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே வரிசை நீளம். அதற்குள் அடுத்த கிராம சபையில் எழுந்து, அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.